மூன்றாவது நோட் கிளஸ்டரில் சேரவில்லை, ஆனால் 3343 திறந்திருக்கிறது

ஜனவரி 4, இரவு 9.40. மன்னார்குடியிலிருந்து கேள்வி

அண்ணே, அஸூர் கிளவுடில் இரண்டு நோட் (சர்வர்) கொண்ட விண்டோஸ் சர்வர் 2019 ஃபெயிலோவர் கிளஸ்டர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் கூட்டு, ஓடுகிறது. இரண்டும் புனே ரீஜனில். மேலே எஸ்க்யூஎல் ஆல்வேஸ் ஆன், டேட்டாபேஸை ஒவ்வொரு நோட்டிலும் நகலாக வைக்கும் வசதி. எங்கள் அரிசி ஆலைகளின் நெல் வரவுக் கணக்கு முழுக்க அதில்தான். சம்பா அறுவடை சூடு பிடிப்பதற்குள் சென்னை ரீஜனில் மூன்றாவது நோட் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ரீஜன் நெட்வொர்க்கையும் இணைக்கும் விநெட் பியரிங் போட்டாச்சு, டொமைனிலும் சேர்த்தாச்சு. ஆட் நோட் விஸார்ட் பாதிக்கு மேல் ஓடுகிறது. புது நோட் முழு உறுப்பினர் ஆன அறிவிப்புக்குக் காத்திருப்பதாகச் சொல்லும் இடத்தில் நின்று, கடைசியில் டைம் அவுட். பிங் போகிறது. டெஸ்ட்-நெட்கனெக்‌ஷனில் கிளஸ்டர் போர்ட் 3343 ட்ரூ. நெட்வொர்க் டீம் "எல்லாம் திறந்துதான் இருக்கு" என்கிறது. கிளவுடில் மல்டிகாஸ்ட் (ஒரே பாக்கெட்டைப் பலருக்கு அனுப்புவது) கிடையாது, அதனால் கிளஸ்டர் ரீஜன் தாண்டாது என்று நினைக்கிறேன். சரியா?

ஜனவரி 4, இரவு 10.15. கும்பகோணம்

மல்டிகாஸ்ட் காரணம் இல்லை. சர்வர் 2003 காலத்து நினைவு அது. 2008 முதல் கிளஸ்டரின் ஹார்ட்பீட், அதாவது உயிரோடு இருப்பதாக நோட்டுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் பாக்கெட், நேராக ஒருவருக்கே போகும் யூனிகாஸ்ட் யூடிபி, போர்ட் 3343. வழி இருந்தால் எந்த ரீஜனுக்கும் போகும். அந்தச் சந்தேகத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

எந்த வரியில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில் இருக்கிறது. நோட் சேர்ப்பது இரண்டு கட்ட வேலை. முதல் கட்டத்தில் விஸார்ட் புது சர்வரோடு ஆர்பிசி (தொலைவிலிருந்து கட்டளை இடும் முறை) வழியாகப் பேசி, அனுமதி சரிபார்த்து, கிளஸ்டர் சர்வீஸை அமைத்து, கட்டமைப்பை எழுதுகிறது. இதற்கு டிசிபி 135, 445, அப்புறம் 49152 முதல் 65535 வரையிலான மாறும் போர்ட்டுகள், சரியான டிஎன்எஸ், சரியான டொமைன் அனுமதி எல்லாம் வேண்டும். இரண்டாம் கட்டத்தில் புது நோட்டின் கிளஸ்டர் சர்வீஸ் தானே எழுந்து பழைய நோட்டுகளைத் தேடிப் போய் "என்னைச் சேர்த்துக்கொள்" என்று கேட்கிறது. அங்கே வேண்டியது 3343, டிசிபியும் யூடிபியும் இரண்டும்.

அறிவிப்புக்குக் காத்திருக்கும் வரி வந்துவிட்டது என்றால் முதல் கட்டம் முடிந்துவிட்டது. ஆக்டிவ் டைரக்டரி, அட்மின் உரிமை, டிஎன்எஸ் என்று இனிமேல் தோண்ட வேண்டாம். இரவு முழுக்க கம்ப்யூட்டர் ஆப்ஜெக்டை அழித்து அழித்துப் போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். பிரச்சினை கிட்டத்தட்ட நிச்சயமாக நோட்டுக்கு நோட் போகும் பாதையில்.

ஜனவரி 4, இரவு 11.05. கும்பகோணம்

படுக்கப் போகுமுன் ஒன்று. டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் டிசிபியை மட்டும்தான் சோதிக்கும். யூடிபி பற்றி அந்த ட்ரூ ஒன்றும் சொல்லவில்லை. நெட்வொர்க் டீமிடம் "3343 திறந்திருக்கா" என்று கேட்டால் அவர்களும் அதே கட்டளையை ஓட்டிப் பார்த்து ஆமாம் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. "யூடிபி 3343, இரு திசையிலும்" என்று எழுத்தில் கேளுங்கள்.

திசையும் முக்கியம். புது நோட்டிலிருந்து பழையதுக்கு ட்ரூ வரும், ஏனென்றால் பழையதில் கிளஸ்டர் சர்வீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது. பழையதிலிருந்து புதுசுக்கு ஃபால்ஸ் வந்தால் அடைப்பு என்று அர்த்தமில்லை. சேராத நோட்டில் அந்த சர்வீஸே ஓடவில்லை, கேட்க ஆள் இல்லை. போர்ட்க்வெரி வைத்து யூடிபி பார்த்தாலும், பதில் வராதபோது "கேட்கிறது அல்லது வடிகட்டப்படுகிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும். அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

ஜனவரி 5, காலை 7.20

லாக் அனுப்பியதற்கு நன்றி. ஆனால் அது பழைய நோட்டின் லாக். பழைய நோட்டுக்குத் தெரிந்தது "யாரோ வந்தார், பிறகு காணோம்" என்பது மட்டும்தான். விஷயம் புது நோட்டில் இருக்கிறது.

புது நோட்டில் கெட்-கிளஸ்டர்லாக் ஓட்டுங்கள். அது கிளஸ்டரில் இல்லாததால் முரண்டு பிடித்தால் ஸ்கிப்கிளஸ்டர்ஸ்டேட் ஸ்விட்ச் சேர்த்து ஓட்டுங்கள். சி டிரைவில் விண்டோஸ், கிளஸ்டர், ரிப்போர்ட்ஸ் என்ற ஃபோல்டரில் ஃபைல் விழும். நேரம் கவனம்: அந்த லாக் யூடிசியில் எழுதும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மாலை 3.40-க்கு விஸார்ட் தோற்றிருந்தால் லாக்கில் 10.10-ஐத் தேடுங்கள். 15.40-ஐத் தேடிவிட்டு "லாக்கில் ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்கள் நிறைய. யூஸ்லோக்கல்டைம் சேர்த்தால் நம் நேரத்திலேயே வரும்.

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாக்கையும் பாருங்கள். 1653 என்றால் எந்த நோட்டோடும் நெட்வொர்க்கில் பேச முடியவில்லை. 1570 என்றால் இணைப்புப் பேச்சு ஆரம்பித்து நிலைக்கவில்லை. 1572 என்றால் பழுது கண்டறியும் பாக்கெட்டுகள், அதாவது ஹார்ட்பீட், போய் வரவில்லை. உங்கள் விவரத்துக்கு 1572 வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஜனவரி 5, மதியம் 1.30

"ஃபீச்சரை எடுத்துவிட்டு மறுபடி போடு, சரியாகிவிடும்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிச் சரியானால் எது சரியாக்கியது என்று தெரியாமலே போய்விடும். வேண்டாம்.

அவர் சொன்னதில் ஒரு பாதி மட்டும் நியாயம். தோற்ற முயற்சி எச்சம் விட்டுப் போகும். மறுபடி ஆட் அழுத்துமுன் பழைய நோட்டில் அந்தப் பெயர் டவுன் என்று தொங்குகிறதா பாருங்கள். தொங்கினால் எவிக்ட், அதாவது கிளஸ்டரிலிருந்து நீக்குங்கள். பிறகு புது நோட்டில் கிளியர்-கிளஸ்டர்நோட், ஃபோர்ஸ் சேர்த்து. லாக்கை எடுத்து வைத்த பிறகுதான் இதெல்லாம்.

ஆன்டிவைரஸ் கூடவே தனி ஃபயர்வால் வைத்திருக்கும் தயாரிப்புகள் உண்டு. விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்த பின்னும் அது உயிரோடு இருக்கும். அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஜனவரி 6, இரவு 8.50

முதல் கட்டத்தில் நிற்பவர்களுக்கும் எழுதிவைக்கிறேன், இருவர் தனியாகக் கேட்டார்கள்.

கும்பகோணத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். புது நோட்டைச் சேர்க்க முயன்றால் எடுத்த எடுப்பிலேயே ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை என்று திரும்பியது. கிளஸ்டர் ஃபீச்சர் நிறுவும்போது அதற்கான ஃபயர்வால் விதிகள் தானாக உருவாகும். விதிகள் இருந்தன, எல்லாம் பச்சை டிக். ஆனாலும் வேலை செய்யவில்லை. குரூப் பாலிசியில் உள்ளூர் விதிகளை ஏற்க வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். புது சர்வர் மட்டும் வேறு ஓயூவில் (டொமைனில் சர்வர்களைப் பிரித்து வைக்கும் பிரிவு) இருந்ததால் அதற்கு மட்டும் அந்தப் பாலிசி. திரையில் பச்சையாகத் தெரிந்தும் ஒரு விதியும் செல்லவில்லை. கெட்-நெட்ஃபயர்வால்ப்ரொஃபைல் கட்டளையை ஆக்டிவ்ஸ்டோர் என்ற பாலிசி ஸ்டோரைச் சொல்லி ஓட்டினால் அலவ்லோக்கல்ஃபயர்வால்ரூல்ஸ் என்ற வரி உண்மையைச் சொல்லும். அன்றிலிருந்து புது சர்வர் எதுவானாலும் முதலில் ஓயூவைத்தான் பார்க்கிறேன்.

கீசெட் இல்லை என்று ஒரு பிழை வரும். கேட்டால் என்னவோ போல இருக்கும். ப்ரோகிராம்டேட்டாவுக்குள் மெஷின்கீஸ் ஃபோல்டரின் அனுமதிகளை யாராவது "பாதுகாப்பாக்கி" இருந்தால் இது வரும். கிளஸ்டர் தனக்கு வேண்டிய சான்றிதழின் சாவியை அங்கே எழுத முடியாமல் நிற்கிறது. நல்ல சர்வரில் அந்த ஃபோல்டரின் அனுமதி எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள்.

கடிகாரம்: ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் ஏற்காது. கிளவுடில் அபூர்வம், ஆனாலும் பாருங்கள்.

ஜனவரி 7, காலை 11.10. மன்னார்குடி

அண்ணே, 1572 தான். லாக்கில் சேனல் திறக்கிறது, ரூட் மட்டும் அன்ரீச்சபிள் என்று வருகிறது. இரண்டு பக்கமும் பாக்கெட் பிடித்துப் பார்த்தேன். புதுசிலிருந்து யூடிபி 3343 கிளம்புகிறது, புனேயில் இறங்கவில்லை. புனேயிலிருந்து கிளம்புவதும் இங்கே வரவில்லை.

ஜனவரி 7, மதியம் 12.05

அருமை தம்பி. இனிமேல் யாரும் வாதாட வேண்டியதில்லை, பாக்கெட் சொல்லிவிட்டது. இரண்டு விண்டோஸும் அனுப்புகின்றன, இடையில் யாரோ விழுங்குகிறார்கள்.

அஸூரின் நெட்வொர்க் வாட்ச்சரில் ஐபி ஃப்ளோ வெரிஃபை திறங்கள். அது யூடிபியையும் கேட்கும். இன்பவுண்ட், உள்ளூர் 3343, வெளி 3343, மறுமுனை ஐபி. எந்த என்எஸ்ஜியின் (அஸூரின் நெட்வொர்க் வடிகட்டி) எந்த விதி விட்டது அல்லது மறுத்தது என்று பெயரோடு சொல்லும். புனே விஎம்களுக்கும் ஓட்டுங்கள், சென்னைக்கும் ஓட்டுங்கள்.

பியரிங் போட்டாலே வர்ச்சுவல்நெட்வொர்க் டேக்கில் மறு விநெட்டும் அடங்கும். 65000 என்ற இயல்பு விதி எல்லாவற்றையும் விட்டுவிடும். ஆகவே யாரோ அதற்கு மேலே (சிறிய எண்தான் முதலில் பார்க்கப்படும்), 100-க்கும் 4096-க்கும் நடுவில், ஒரு மறுப்பு விதி வைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 7, மாலை 6.45. மன்னார்குடி

வைத்திருக்கிறார்கள். 4000-ல் எல்லாம் மறுப்பு. அதற்கு மேலே அதே சப்நெட்டுக்குள் எல்லாம் அனுமதி, மறு ரீஜனுக்கு டிசிபியும் ஐசிஎம்பியும் மட்டும். இரண்டு ரீஜனுக்கும் ஒரே டெம்ப்ளேட். யூடிபி 3343 சேர்த்துவிட்டார்கள். இன்னமும் சேரவில்லை அண்ணே.

ஜனவரி 7, இரவு 7.30

பிங் போனதும், டிசிபி ட்ரூ ஆனதும், புனேயின் இரண்டு நோட்டுகள் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டதும் ஏன் என்று இப்போது விளங்குகிறது.

அவர்கள் திருத்தியது சப்நெட் என்எஸ்ஜியாக இருக்கும். விஎம்மின் நெட்வொர்க் கார்டிலும் தனியாக ஒரு என்எஸ்ஜி ஒட்டியிருக்கலாம். உள்ளே வரும் பாக்கெட் முதலில் சப்நெட்டைத் தாண்டி, அப்புறம் கார்டைத் தாண்ட வேண்டும். வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டு வயல் மடையை அடைத்து வைத்தால் நாற்றுக்குத் தண்ணீர் ஏறுமா? ஐபி ஃப்ளோ வெரிஃபையை மறுபடி ஓட்டுங்கள். ஒன்றைத் திருத்திய பிறகுதான் அடுத்த மறுப்பின் பெயர் தெரியும்.

ஜனவரி 8, காலை 10.25. மன்னார்குடி

கார்டில் இருந்தது, மூன்று விஎம்மிலும் அதே டெம்ப்ளேட். எடுத்தாச்சு. எவிக்ட், கிளியர் செய்துவிட்டு மறுபடி ஆட் போடப் போகிறேன்.

ஜனவரி 8, காலை 10.31

நிறுத்துங்கள், ஆட் போடுமுன் ஒன்று. "தகுதியான ஸ்டோரேஜ் அனைத்தையும் சேர்" என்று ஒரு டிக் பெட்டி வரும். எடுத்துவிடுங்கள். பவர்ஷெல் என்றால் நோஸ்டோரேஜ் ஸ்விட்ச். ஆல்வேஸ் ஆனில் ஒவ்வொரு நோட்டுக்கும் சொந்த டிஸ்க்தான். டிக்கை விட்டுவிட்டால் கிளஸ்டர் அந்த டிஸ்க்குகளைத் தன் பிடியில் எடுத்துக்கொள்ளும், டிஸ்க் மேனேஜரில் காணாமல் போகும். டேட்டா அழியாது. ஆனால் அறுவடை நேரத்தில் டேட்டா டிரைவைக் காணோம் என்றால் ஆலையில் என்ன சத்தம் கிளம்பும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. ஆலை அலுவலக மடிக்கணினியில் இருந்து ஓட்டாதீர்கள். சர்வருக்குள் ஆர்டிபி போட்டு அங்கிருந்து ஓட்டுங்கள். நம் பக்கம் சாலை போட ஒரு குழி வெட்டினால் ஃபைபர் போச்சு.

ஜனவரி 8, காலை 11.02. மன்னார்குடி

சேர்ந்துவிட்டது! மூன்றும் அப். ரொம்ப நன்றி அண்ணே.

ஜனவரி 8, இரவு 9.15

ரொம்ப சந்தோஷம். சேர்ந்தபின் செய்ய வேண்டியவை.

சென்னை நோட் பேரிடருக்கானது. அதன் ஓட்டை எடுத்துவிடுங்கள், நோட்வெயிட் பூஜ்யம். இல்லாவிட்டால் ரீஜன்களுக்கு இடையில் பாதை தடுமாறும்போது அது கோரம் கணக்கில், அதாவது பெரும்பான்மை ஓட்டுக் கணக்கில், தலையிடும். புனேயில் இரண்டு ஓட்டு, மூன்றாவதாக ஓட்டு மட்டும் போடும் கிளவுட் விட்னஸ். 2016 முதல் இருக்கும் வசதி, ஒரு ஸ்டோரேஜ் அக்கவுண்ட் போதும், 443-ல் பேசும். விட்னஸை புனேயிலேயே வைக்காமல் வேறு ரீஜனில் வையுங்கள்.

ஹார்ட்பீட் பொறுமையையும், அதாவது எத்தனை ஹார்ட்பீட் தவறலாம் என்பதையும், கூட்டுங்கள். கிளவுடுக்கு சேம்சப்நெட்த்ரெஷோல்ட், கிராஸ்சப்நெட்த்ரெஷோல்ட் இரண்டையும் 40 வைக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். இயல்பான எண்கள் அதைவிடக் குறைவு.

ஜனவரி 9, மாலை 5.40

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: இவ்வளவு சிரமப்பட்டு கிளவுட் எதற்கு, ஆலையிலேயே இரண்டு சர்வர் வைத்தால் போதாதா?

நாகைக்காரர் கேட்பதால் கஜாவைச் சொன்னாலே போதும். 2018 நவம்பர் 16 அதிகாலை. வேதாரண்யம் பக்கமும் உங்கள் பக்கமும் மின்கம்பம் சாய்ந்து எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்? எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் இரண்டு சர்வரும் இருந்தன, நல்ல நிலையில் இருந்தன. இரண்டும் ஒரே அறையில், ஒரே ஜெனரேட்டரில். டீசல் கிடைக்கவில்லை. நனைந்த நெல்லுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நேரத்தில் கணக்கே திறக்கவில்லை. கிளஸ்டர் என்றால் இரண்டு பெட்டி என்று நினைப்பது போதாது, இரண்டு இடம் வேண்டும் என்று அன்றுதான் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதனால்தான் மன்னார்குடித் தம்பியின் மூன்றாவது நோட் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

அவரே அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ் பற்றியும் கேட்டார். அங்கே செக்யூரிட்டி குரூப்பில் "எல்லா டிசிபி" என்று போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள், நோய் இதே நோய்தான். குரூப் தன்னையே மூலமாகக் காட்டி "எல்லா டிராஃபிக்" என்று ஒரு விதி போடுங்கள். சப்நெட்டின் நெட்வொர்க் ஏசிஎல் ஸ்டேட்லெஸ், ஆகவே போகும் வழிக்கும் வரும் வழிக்கும் தனித்தனி அனுமதி. அப்புறம் கிளஸ்டர் ஐபியையும் லிஸனர் (மென்பொருள்கள் டேட்டாபேஸோடு இணையும் பெயர்) ஐபியையும் அந்தந்த இன்ஸ்டன்ஸின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் இரண்டாம் நிலை முகவரியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கிளஸ்டரில் ஆன்லைன் என்று காட்டும், வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாது.

ஜனவரி 12, காலை 8.00

8-ம் தேதி 40 பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நோட் சேராத ஒருவர் த்ரெஷோல்டை ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார். அந்த எண் சேர்ந்த நோட்டை அவசரப்பட்டு வெளியே தள்ளாமல் இருக்கத்தான், நோட் வெளியேற்றப்பட்டதைச் சொல்லும் 1135 ஈவென்ட் குறைய. யூடிபியே வராத இடத்தில் எண்ணை ஏற்றி என்ன பயன்? 40-லும் ஒரு யோசனை இருக்கிறது: நோட் உண்மையாகவே செத்தால் கிளஸ்டர் அதை உணர நாற்பது நொடி ஆகும். எடை மேடையில் லாரி நிற்கும் ஆலைக்கு அது சரிப்படுமா என்று கேட்டுவிட்டு வையுங்கள். சரிப்படும் என்றே நினைக்கிறேன், தேவையில்லாத ஃபெயிலோவர் அதைவிடப் பெரிய தொல்லை.

அவருடைய நோட்டுக்குக் காரணம் வேறு. புது விஎம்மை ஓடிக்கொண்டிருந்த நோட்டின் டிஸ்க் நகலில் இருந்து, சிஸ்ப்ரெப் (பழைய சர்வரின் அடையாளங்களை நீக்கும் வேலை) செய்யாமல் எழுப்பியிருக்கிறார். கிளஸ்டருக்கென்று நெட்எஃப்டி என்ற மறைவான நெட்வொர்க் அடாப்டர் உண்டு, 169.254 முகவரியில் இருக்கும். நகலில் அதன் மேக் முகவரியும் அப்படியே வந்துவிட்டது. டெஸ்ட்-கிளஸ்டர் ஓட்டியிருந்தால் ஒரே முகவரி இரண்டு இடத்தில் என்று முதலிலேயே சொல்லியிருக்கும். அந்த விஎம்மை அழித்துவிட்டு, கிளஸ்டர் ஃபீச்சர் போடாத, ஜெனரலைஸ் செய்த இமேஜிலிருந்து புதிதாக எழுப்புங்கள்.

இமேஜ் எடுக்கும்போது பதிப்பும் பாருங்கள். 2019 கிளஸ்டரில் 2022 நோட் சேரும், ஆனால் அது மேம்படுத்தும் காலத்துக்கான கலப்பு நிலை. நான்கு வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். அப்படியே விட்டு வைக்க அல்ல.

ஜனவரி 18, இரவு 7.50. மன்னார்குடி

பொங்கல் விடுமுறையில் ஃபெயிலோவர் சோதனை செய்தேன் அண்ணே. சென்னைக்கு மாறுகிறது, டேட்டாபேஸ் எழுகிறது. லிஸனர் ஐபி கிளஸ்டரில் ஆன்லைன். எடை மேடை மென்பொருள் மட்டும் இணையவில்லை. சென்னைக்குத் தனி லோட் பேலன்சர் போட்டிருக்கிறேன், ப்ரோப் (உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) போர்ட் 59999.

ஜனவரி 18, இரவு 8.20

அதே 4000 விதி தம்பி. லோட் பேலன்சரின் ப்ரோப் 168.63.129.16 என்ற முகவரியிலிருந்து வரும். அதை விடும் இயல்பு விதி 65001-ல் இருக்கிறது, உங்கள் 4000 அதற்கு முன்பே மறுத்துவிடுகிறது. ப்ரோப் தோற்றால் லோட் பேலன்சர் ஒருவரையும் உள்ளே அனுப்பாது. மூலம் அஸூர்லோட்பேலன்சர் டேக், டிசிபி 59999, அனுமதி. 4000-க்கு மேலே வையுங்கள். சப்நெட்டிலும், கார்டில் என்எஸ்ஜி மிச்சமிருந்தால் அங்கேயும்.

ஜனவரி 18, இரவு 8.42

எடை மேடை மென்பொருள் பழைய டிரைவர் என்று முன்பு சொன்ன ஞாபகம். மல்டிசப்நெட்ஃபெயிலோவர் தெரியாத டிரைவர் என்றால் டிஎன்எஸ் தரும் இரண்டு ஐபியில் செத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கும். லிஸனர் பெயரில் ரெஜிஸ்டர்ஆல்ப்ரொவைடர்ஸ்ஐபியை 0 ஆக்கி, ஹோஸ்ட்ரெக்கார்ட்டிடிஎல்லை இயல்பான 1200 நொடியிலிருந்து 300-க்கு இறக்குங்கள். மாற்றம் பிடிக்க லிஸனரை ஒருமுறை ஆஃப்லைன், ஆன்லைன் செய்ய வேண்டும், அதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 19, காலை 9.05. மன்னார்குடி

ப்ரோப் விதி போட்டதும் இணைந்தது. டிஎன்எஸ் மாற்றம் இன்று இரவு. 3343-ஐ இன்டர்நெட்டுக்கும் திறக்க வேண்டுமா என்று நெட்வொர்க் டீம் கேட்கிறது.

ஜனவரி 19, காலை 9.12

வேண்டவே வேண்டாம். நோட்டுகளின் இரண்டு சப்நெட்டுகளுக்கு இடையில் மட்டும்.